ஆசையும் உழைப்பும் வெற்றியும்: தாமிரபரணிச் சீமையின் பாடம்

பெரிதாக நினைக்க வேண்டும், நினைத்ததற்காகப் பாடுபட வேண்டும், பாடுபட்டால் வெற்றி தானே வரும் என்பது பள்ளி விழா மேடைகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. ஆசை, உழைப்பு, வெற்றி மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைக்கும் இந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மைதான். ஆசை மிகுந்தும் உழைக்காமல் நின்றுபோனவர்கள் உண்டு. உழைத்து உழைத்தும் உயராதவர்கள் அதைவிட அதிகம். ஆசையும் உழைப்பும் குறைவில்லாமல் இருந்தும், வெற்றியை வேறு ஒரு கை தட்டிப் பறித்துக்கொண்ட வாழ்க்கைகளும் வரலாற்றில் இருக்கின்றன.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளத் திருநெல்வேலிச் சீமை நல்ல களம். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அந்தக் குறுகிய வெளியிலும் அதை ஒட்டிய ஊர்களிலும், மோட்டார்த் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர், ஏகாதிபத்தியத்தை எதிர்த்துக் கப்பல் விட்டவர், அகராதிப் பணிக்கு ஆண்டுக்கணக்கில் தம்மைக் கொடுத்தவர், கோரைப் புல்லைப் பட்டுபோல் நெய்பவர்கள் என்று வேறுவேறு வகை மனிதர்கள் தோன்றியிருக்கிறார்கள். எல்லாரும் உழைத்தவர்களே. அவர்களுக்குக் கிடைத்த பலன் மட்டும் ஒன்றுபோல் இல்லை. அந்த வேறுபாட்டுக்கான காரணங்களில்தான் பாடம் இருக்கிறது.

ஆசை வேலையாக மாறும் இடம்

தாமிரபரணிக்குத் தெற்கே, மகேந்திரகிரி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் வைணவத் திருப்பதி திருக்குறுங்குடி. டி.வி.எஸ். குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் இங்கே பிறந்தார். சட்டம் படித்தார், ரயில்வேயில் வேலை பார்த்தார், வங்கியிலும் பணிபுரிந்தார். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் மதிப்பான வாழ்க்கை என்றால் அரசாங்க உத்தியோகம் அல்லது வக்கீல் தொழில். நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்குவது வீட்டார் வயிற்றில் புளியைக் கரைக்கும் முடிவு. அவர் அந்த முடிவை எடுத்தார். 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனம் உருவானது.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய சாலைகளில் பேருந்து விடுவது அன்று துணிச்சலான நினைப்பு. ஆனால் நினைப்பு மட்டும் பேருந்தை ஓட்டாது. சாலைகளில் லாட ஆணிகள் சிதறிக் கிடக்கும். டயர்கள் அடிக்கடி பஞ்சராகும். உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. பழுது பார்க்கத் தெரிந்தவர் அதைவிட அரிது. பயணிகள் பேருந்தை நம்ப வேண்டுமானால் சொன்ன நேரத்துக்கு அது வந்தாக வேண்டும். டி.வி.எஸ். பேருந்து கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அந்தப் பெயர் சாலையிலும் பணிமனையிலும் நாள்தோறும் செய்த சிறு வேலைகளால் வந்தது.

இந்த வேலைகள்தாம் அவருடைய அடுத்த ஆசைகளுக்கும் வழி காட்டின. பேருந்து ஓட்டியதால் உதிரிப் பாகங்களின் தேவை புரிந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் உருவானது. வாடிக்கையாளர்கள் லாரி வாங்கப் பணமில்லாமல் திண்டாடுவதைக் கண்ட அடுத்த தலைமுறை 1954இல் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கியது. 1962இல் சுந்தரம் கிளேட்டன் வந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழக அரசு பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியபோது, தொடக்கத் தொழிலான பேருந்து கைவிட்டுப் போனது. அதற்குள் அந்தக் குடும்பத்தின் தொழில் பல கிளைகளாக வேரூன்றிவிட்டது.

முதலாவது பாடம் இது. தொடங்கும்போது இருக்கும் ஆசை தெளிவற்றது. ‘சொந்தத் தொழில் செய்ய வேண்டும்’ என்பதற்கு மேல் பெரும்பாலும் அதில் எதுவும் இருக்காது. வேலையில் கை வைத்த பிறகே எது தேவை, எது முடியும், எதில் தனக்குத் திறமை என்பது தெரிகிறது. ஆசை வேலைக்கு உந்துதல் தருகிறது. வேலை ஆசைக்கு உருவம் தருகிறது. வேலையோடு உரசிப் பார்க்காத ஆசை வெறும் கனவாகவே பழுத்து உதிர்ந்துவிடும்.

ஆசைப்பட அனுமதி யாருக்கு?

ஆசைப்படுவதே சிலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரத்தின் வாழ்க்கை அதை உணர்த்துகிறது. 1904இல் பிறந்த அவர், அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் செய்துகொடுக்கப்பட்டார். மருத்துவரான கணவர் 1925இல் இறந்தார். அன்றைய பிராமணக் குடும்பத்தில் இளம் விதவைக்குக் காத்திருந்த வாழ்க்கை வீட்டின் உள்ளறையோடு முடிந்துவிடும். சௌந்தரம் மருத்துவம் படிக்க விரும்பினார்; பெற்றோர் துணை நின்றார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் மருத்துவரானார். பின்னர் காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரனை மணந்தார். இருவரும் சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். கஸ்தூரிபா மருத்துவமனையும், பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்த கிராமியக் கல்வி நிறுவனமும் அந்த மண்ணில் எழுந்தவை.

அவருடைய உழைப்பு போற்றத்தக்கது. அதே அளவுக்கு உற்று நோக்க வேண்டியது, அந்த உழைப்புக்கு முன் திறக்கப்பட்ட கதவு. அதே ஆண்டுகளில் அதே நிலையில் இருந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவர்களிடம் அறிவும் ஆர்வமும் குறைவாக இருந்திருக்கும் என்று எண்ணக் காரணமே இல்லை. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரால் பெண்களுக்கான பள்ளியும், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கல்லூரியும் வந்தது இந்தப் பகுதிப் பெண்களின் வாழ்க்கையை மாற்றியதற்கு, அப்படி ஒரு கதவைத் திறந்துவிட்டதே காரணம். பள்ளிக்கூடம் எழுத்தறிவைத் தருவதோடு நிற்பதில்லை. ‘நாமும் ஆகலாம்’ என்று நினைக்கும் உரிமையையும் அது தருகிறது. ஆசை தனிமனித மனத்தில் முளைத்தாலும், முளைப்பதற்கு ஏற்ற நிலத்தைச் சமூகந்தான் பண்படுத்த வேண்டும்.

முழு உழைப்பு, பறிக்கப்பட்ட வெற்றி

ஆசையும் உழைப்பும் இருந்தால் வெற்றி உறுதி என்ற நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்துப் பார்ப்பது வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தந்தை உலகநாதரைப் போலவே வக்கீலானார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பிடியில் இருந்த காலம் அது. வங்காளத்தில் எழுந்த சுதேசி அலை தெற்கே பரவியபோது, அந்நியத் துணியை விலக்குவதோடு நில்லாமல் அந்நியக் கப்பலுக்கே போட்டியாகக் கப்பல் விட வேண்டும் என்று அவர் நினைத்தார். வாடகைக்கு எடுத்த கப்பல்களை எதிர்த்தரப்பு தன் செல்வாக்கால் தடுத்தது. அதன் பிறகு, சொந்தக் கப்பல் இல்லாமல் வழியில்லை என்று தெளிந்தார்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகள் வாங்கினார். வ.உ.சி. ஏற்ற பதவி உதவிச் செயலர். சுமந்த வேலையோ முழுக் கம்பெனியின் வேலை. ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். வடக்கே பம்பாய்க்குச் சென்றார். கப்பலோடுதான் திரும்புவது என்று உறுதி பூண்டிருந்தார். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. ஊரே துறைமுகத்தில் கூடியது.

அடுத்து நடந்தது வியாபாரப் போட்டிக்குரிய நேர்மையில் நடக்கவில்லை. ஆங்கிலேயக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகவும், போதாததற்குக் குடையைப் பரிசாகக் கொடுக்கவும் ஆங்கிலேயக் கம்பெனி முன்வந்தது என்பது தூத்துக்குடியில் இன்றும் பேசப்படும் செய்தி. ஆங்கிலேயக் கம்பெனிக்கு நட்டத்தைத் தாங்கும் சக்தி இருந்தது. சிறு வியாபாரிகளின் பணத்தில் பிறந்த சுதேசிக் கம்பெனிக்கு அது இல்லை. அதிகாரிகளின் சாய்வும் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.

வ.உ.சி.யின் அக்கறை கப்பலோடு முடியவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நீண்ட வேலை நேரமும் குறைந்த கூலியும் அவர்களை வாட்டின. வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டம் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்று வென்றது. அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன; மக்கள் கொதித்தெழுந்தார்கள்; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைந்தது. ஆனால் தலைமை இழந்த கம்பெனி தள்ளாடி, 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது, அவர் கட்டிய எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

இந்த வாழ்க்கையில் எந்த உழைப்பு குறைந்தது? எந்த ஆசை சிறியதாக இருந்தது? வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில் முதலின் வலு, சட்டத்தின் கை, ஆட்சியின் விருப்பம் ஆகியவற்றுக்கு இருக்கும் பங்கை இந்த வாழ்க்கை மறுக்க முடியாதபடி காட்டுகிறது. தோற்றவர் எல்லாரும் சோம்பேறிகள் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய அநீதி என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

தோல்விக்குப் பிறகும் தொடர்ந்த வேலை

வெற்றிக்கான வழியைப் பேசும் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் இதே வ.உ.சி. என்பது பலருக்கு வியப்பளிக்கும். கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் சிறைவாசக் காலத்தில் அவர் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களில் ஈடுபட்டார். 1864இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்த ஆலன், வறுமையில் வளர்ந்து தொழிற்சாலை வேலைக்குப் போனவர். மனிதனின் எண்ணமே அவன் குணத்தையும் வாழ்வையும் உருவாக்குகிறது என்று எழுதியவர். 1903இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலை வ.உ.சி. ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரில் தமிழாக்கினார். ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ ஆகியவை அவர் மொழிபெயர்த்த மற்ற ஆலன் நூல்கள். கடைசி நூல் 1934இல் வெளியானது. ஆகவே இது சுமார் கால் நூற்றாண்டு நீடித்த ஈடுபாடு.

எண்ணம் தூயதாக இருந்தால் சூழல் வசப்படும் என்ற கருத்தை, சூழலால் நொறுக்கப்பட்ட ஒருவர் மொழிபெயர்த்தது முரண்போலத் தோன்றலாம். அவருடைய பிற்கால வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தால் முரண் குறைகிறது. அரசாங்கம் அவருடைய கப்பலையும், வக்கீல் சன்னதையும், உடல்நலத்தையும் எடுத்துக்கொண்டது. மனத்தை ஆளும் உரிமையும் உழைப்பை எதில் செலுத்துவது என்ற முடிவும் அவரிடமே இருந்தன. அந்த இரண்டையும் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. சிறையிலேயே ‘மெய்யறம்’ என்ற நீதிநூலைக் குறள் வழியில் இயற்றினார். மாணவரியலில் தொடங்கும் அந்த நூல், படிக்கும் பருவத்திலிருந்து வீடு, நாடு என்று வளரும் கடமைகளை வரிசைப்படுத்துகிறது.

விடுதலைக்குப் பின் வறுமை வாட்டியது. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார், அது நிலைக்கவில்லை. நீதிபதி வாலஸின் உதவியால் வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற்றார். நன்றி மறவாமல் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். இந்த நெருக்கடிகளுக்கு நடுவே 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கான இளம்பூரணர் உரையின் பதிப்பில் பல ஆண்டுகள் உழைத்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார். கப்பலோட்டியவரை நாடு அறியும். ஏட்டுச் சுவடியோடு அமர்ந்து பாடம் ஒப்பிட்ட அந்தப் பதிப்பாசிரியரையும் அறிந்தால்தான், வேலையின் மீது அவருக்கு இருந்த பக்தியின் முழு அளவு தெரியும்.

வேலையை வெற்றிக்கான விலையாக மட்டும் கருதுபவர், வெற்றி கைகூடாதபோது வேலையையும் விட்டுவிடுவார். வேலையின் பயனையே மனத்தில் கொண்டவர் வேறு வேலையை எடுத்துத் தொடர்வார். வ.உ.சி. இரண்டாம் வகை.

துணை நின்ற அமைப்பு

அந்தத் தொல்காப்பியப் பணியில் வ.உ.சி.க்குத் துணை நின்றவர், இதே நெல்லைச் சீமையில் 1891இல் பிறந்த எஸ். வையாபுரிப் பிள்ளை. அவரும் வக்கீலாக இருந்து தமிழாராய்ச்சிக்கு வந்தவர். 1913இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி பல கைகள் மாறி, 1926இல் அவருடைய பொறுப்புக்கு வந்தது. 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றன. 1939இல் பின்னிணைப்பும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள்; ஒவ்வொன்றுக்கும் பொருள், ஆட்சி, மேற்கோள்.

அந்தப் பணியில் புலமையும் விடாமுயற்சியும் எந்த அளவு தேவைப்பட்டன என்று விளக்க வேண்டியதில்லை. கூடவே அலுவலகம் இருந்தது, உதவியாளர்கள் இருந்தார்கள், சம்பளம் வந்தது, இடையில் ஆசிரியர்கள் மாறினாலும் பணி அறுபடாமல் காக்கும் பல்கலைக்கழகம் பின்னால் இருந்தது. தனி ஒருவரின் உழைப்பு அவர் காலத்தோடு முடிந்துவிடும். அமைப்பின் துணை பெற்ற உழைப்பு தலைமுறை தாண்டும். கப்பல் கம்பெனிக்கும் பேரகராதிக்கும் கிடைத்த வேறுவேறு முடிவுகளுக்கு இது முக்கியமான காரணம்.

பத்தமடை: திறமையும் கூலியும்

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் சாலையில் இருக்கிறது பத்தமடை. அங்கு நெய்யப்படும் பாய், வேலையின் மீதான ஈடுபாட்டுக்கு உலகத் தரமான சான்று. ஆற்றங்கரைகளிலும் நீர்நிலைகளிலும் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, காயவைப்பார்கள். பிறகு ஆற்று நீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பிய கோரையை மீண்டும் உலர்த்தி, இன்னும் மெல்லிய இழைகளாகப் பிளந்து, சாயமேற்றி, பருத்தி அல்லது பட்டு நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்வார்கள். சாதாரணப் பாய் சில நாளில் முடியும். கைக்குள் சுருட்டி மடக்கக்கூடிய பட்டுப்பாய்க்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கல்யாணச் சீராகக் கொடுப்பது இந்தப் பகுதியின் வழக்கம். நெய்பவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவே வீட்டிலேயே தறியில் அமர்பவர்கள்.

இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் நெய்பவரின் கூலி அவர் திறமைக்கு ஈடாக இல்லை. பிளாஸ்டிக் பாய் மலிவாக வந்துவிட்டது. கோரையை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. நெய்தவருக்கும் வாங்குபவருக்கும் இடையே பல கைகள் இருக்கின்றன. தாய்மார் தங்கள் பெண்களைத் தறியில் உட்கார வைக்க விரும்பாமல் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அர்ப்பணிப்பு இருந்தால் போதும் என்ற பேச்சுக்குப் பத்தமடை தரும் பதில் தெளிவானது. திறமை பொருளை உயர்த்தும்; செய்பவரை உயர்த்த நியாயமான சந்தை வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் நேரடி விற்பனையும் புதிய வடிவமைப்புகளும் பலனளிக்கும் இடங்களில் நெசவாளர் கையில் கூடுதல் காசு நிற்கிறது. அங்கே உழைப்பின் அளவு கூடவில்லை. உழைப்புக்குக் கிடைக்கும் பங்குதான் கூடுகிறது.

ஆய்வுகள் சொல்வது

தாமிரபரணிக் கரையில் கண்ட இந்த உண்மைகளை உளவியல் ஆய்வுகளும் வேறு வழியில் வந்தடைந்திருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1960களிலிருந்து நடத்திய ஆய்வுகளின் முடிவு இது: ‘முடிந்ததைச் செய்’ என்று பொதுவாகச் சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, சற்றே கடினமான இலக்கு உள்ளவர்கள் நன்றாகச் செயல்படுகிறார்கள். ஆசை திட்டமாக இறுகினால்தான் பயன் என்பது இதன் பொருள். ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் நகர வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை, பயிற்சி நேரத்தின் அளவோடு அதன் தன்மையையும் வலியுறுத்தியது. குறையைக் கண்டு அதைத் திருத்துவதற்காகவே செய்யும் பயிற்சிதான் தேர்ச்சி தருகிறது.

ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மெக்கிளெலண்ட் 1960களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் சிறு தொழில் செய்பவர்களுக்குச் சாதனை வேட்கையைத் தூண்டும் குறுகிய காலப் பயிற்சி அளித்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஊக்கமாகத் தொழிலை விரிவாக்கினார்கள். ஆனால் தங்கள் தொழிலில் தாங்களே முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்களிடமே அந்தப் பலன் நன்றாகத் தெரிந்தது. வேட்கை எவ்வளவு இருந்தாலும், அதைச் செயலாக்கும் அதிகாரம் கையில் வேண்டும்.

திறமைமிக்க அமெரிக்கர்கள் பலரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்த தரவுகளைக் கொண்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. இளமையில் அதிக ஆசை கொண்டவர்கள் அதிகம் படித்தார்கள், உயர்ந்த வேலைக்குப் போனார்கள், அதிகம் சம்பாதித்தார்கள். வாழ்க்கையில் மனநிறைவு மட்டும் அந்த அளவுக்கு உயரவில்லை.

முயற்சியையும் சூழலையும் சேர்த்து அளக்கும் பார்வை வள்ளுவரின் அதிகார வைப்பு முறையிலும் இருக்கிறது. பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவை முன்னே வருகின்றன. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகியவை பின்னே தொடர்கின்றன. அவற்றை அடுத்து உடனே நிற்கிறது இடுக்கணழியாமை. தன் வலிமையையும் சூழலையும் அளந்து, ஊக்கத்தோடு முயன்று, துன்பம் வந்தால் தளராமல் நிற்பது என்ற முழுப் பாதையும் அந்த வரிசையில் அடங்கியிருக்கிறது.

எது நம் கையில்?

மொத்தத்தில் ஆசை, உழைப்பு, வெற்றி மூன்றுக்கும் உள்ள உறவை இப்படிச் சொல்லலாம். ஆசை திசையைக் காட்டுகிறது. உழைப்பு அந்தத் திசையில் நடக்க வைப்பதோடு, திசை தவறாக இருந்தால் திருத்தவும் செய்கிறது. வெற்றி இந்த இரண்டோடு வாய்ப்பு, மூலதனம், கல்வி, அமைப்பின் துணை, நியாயமான ஆட்சி ஆகியவையும் கூடும்போது வருகிறது.

இதிலிருந்து தனி மனிதருக்கு ஒரு கடமை பிறக்கிறது. ஆசையை நாளைக்குச் செய்யக்கூடிய வேலையாகச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையைக் கவனத்தோடு செய்து, அது கற்றுத் தருவதற்கு ஏற்ப ஆசையை மாற்றிக்கொள்ளத் தயங்கக் கூடாது. முடிவு கைகூடாவிட்டால் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாமல், எது தன் தவறு, எது சூழலின் தடை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தவறைத் திருத்தலாம், தடைக்கு வேறு வழி தேடலாம், வழியே இல்லையென்றால் அதே ஈடுபாட்டை வேறு நல்ல வேலைக்குத் திருப்பலாம்.

சமூகத்துக்கும் கடமை உண்டு. பிள்ளைகளிடம் ‘உழைத்தால் உயரலாம்’ என்று சொல்லும் ஊர், அந்தச் சொல் பலிக்கும்படி பள்ளியையும் கடன் வசதியையும் நியாயமான கூலியையும் ஏற்பாடு செய்ய வேண்டும். வென்றவரைக் கொண்டாடும்போது அவருக்குக் கிடைத்த துணையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோற்றவரை அளக்கும்போது அவர் செய்த வேலையின் தரத்தை முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் ஊரில், ஒருமுறை தோற்றவர்கள் மறுமுறை முயலத் துணிவார்கள், உழைப்பவர்கள் பெருகுவார்கள், வெற்றியும் சிலருடைய தனிச் சொத்தாக இல்லாமல் பலருக்கும் எட்டும்.